தூறல்காரர் வளர்த்த கல்லுச்செடி

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடையின் உரிமச் சான்றிதழில் அதை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். முப்பது வருடத்தில் அதை ஒருவர்கூட எழுத்துக் கூட்டிப் படித்ததாகத் தெரியவில்லை. தெருவுக்கு அவர் தூறல். வயதில் குறைந்தவர்களுக்குத் தூறல் அண்ணன், கூடியவர்களுக்கு வெறும் தூறல்.

முடி வெட்டுகிறவர்கள் எல்லோரும் தலையை லேசாக நனைத்துக்கொண்டுதான் கத்தரியை எடுப்பார்கள். இவருக்கு அந்த ‘லேசாக’ என்ற சங்கதி மட்டும் பிடிபடவே இல்லை. இடது கைச் சீப்பு கொஞ்சம் ஓய்ந்தால் போதும், அந்தக் கை தானாகத் தண்ணீர் பாட்டிலுக்குப் போய்விடும். இரண்டு வெட்டுக்கு ஒரு பீச்சல். எழுந்திருக்கும்போது காலர் நனைந்திருக்கும். தலை எதுவும் கிடைக்காத நேரத்தில் கண்ணாடி, நாற்காலிக் கைப்பிடி, காலண்டர் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் நனைப்பார். ஒருமுறை கடைக்குள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது, விலக்கப் போனவர் பழக்கதோஷத்தில் இரண்டு முகத்திலும் பீச்சிவிட்டார். சண்டை அத்தோடு தீர்ந்தது. இருவரும் ஒன்றாகச் சேர்ந்து இவரைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

கடையில் இரண்டு நாற்காலி. வாசலை ஒட்டியது இவருடையது, உள்ளே இருப்பது மச்சினனுடையது. மனைவியின் ஒரே தம்பி. அவன் கத்தரியைவிட அவன் வாய்க்குக் கூர்மை அதிகம். மாமா மாமா என்று உருகிக்கொண்டே காலை வாருவான். காத்திருக்கிறவர்களைப் பார்த்து, “குடை கொண்டுவந்தீங்களா?” என்று விசாரிப்பான். அதே மாமாவுக்குத் தலைவலி என்றால் முதலில் மாத்திரைக்கு ஓடுகிறவனும் அவன்தான்.

தூறலுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு: கைராசி. நான் சொல்லவில்லை, தெருவே சொல்கிறது. பரீட்சைக்குப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறவன் எல்லோரும் வாசல் நாற்காலிக்குத்தான் வருவார்கள். உள் நாற்காலி காலியாக இருந்தாலும் காத்திருப்பார்கள். கைக்குழந்தைகளுக்கு முதல் முடியை அவர் வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்று ஒரு பேச்சு. அதற்கு ஆதாரம் கேட்டால் யாரிடமும் கிடையாது. அவர் தன் கையை அடிக்கடி விரித்துப் பார்த்துக்கொள்வதை நான் சொன்னால், பாவம், கூச்சப்படுவார்.

செடி கொடி பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள் அவர். பேருந்து நிறுத்தத்தின் அருகே ஒரு அம்மாள் பாலைவனச் செடிகளை மட்டும் விற்கிறார். எல்லாம் டம்ளருக்குள் அடங்குகிற உருப்படிகள். ஒரு நாள் பேருந்துக்காக நின்றபோது அந்தப் பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. சின்னத் தொட்டியில் தடித்த இலைகள் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விரிந்து, அச்சு அசலாக உச்சந்தலைச் சுழி. பேருந்தை விட்டுவிட்டுச் செடியோடு கடைக்குத் திரும்பினார்.

“சுழின்னா இப்படி இருக்கணும். எத்தனை தலை பாத்திருக்கோம், ஒருத்தனுக்காவது இவ்வளவு சுத்தமா இருந்திருக்கா?” என்று மச்சினனிடம் காட்டினார்.

“அழகாத்தான் இருக்கு மாமா. இதுக்கு வகிடு எந்தப் பக்கம் எடுக்கிறது?”

பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று செடிக்கார அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். தூறலும் பத்து நாளைக்கு ஒரு முறைதான் ஊற்றினார். ஊற்றுவது வேறு, பீச்சுவது வேறு என்பது அவருடைய சட்டம். வெயில் விழுகிற ஜன்னல் திண்டில் தொட்டி இருந்தது. பாட்டில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பீச்சல். மூன்றே வாரத்தில் சுழி அழுகி உட்கார்ந்துவிட்டது.

அடுத்து வாங்கியது வெள்ளைக் கோடு போட்ட முள் இலைச் செடி. அதுவும் அடியில் கொழகொழத்துப் போனது. மூன்றாவது, உடம்பெல்லாம் நரைமுடி முளைத்த குட்டிக் கள்ளி. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தொழில் புத்தி தலைதூக்கிவிட்டது. ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஒற்றி, மெல்லிய சீப்பால் வாரி, காதோரம் என்று அவர் நினைத்த இடத்தில் கொஞ்சம் குறைத்தும்விட்டார். இரண்டு நாள் அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நான்காவது செடியின் பெயர்கூட அவருக்கு மனதில் நிற்கவில்லை, அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாவது முறை போனபோது செடிக்கார அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணே, இனி உங்களுக்கு விக்க மாட்டேன். பிளாஸ்டிக்ல ஒண்ணு வெச்சிருக்கேன், சும்மாவே தரேன். எடுத்துட்டுப் போங்க.”

இதைக் கேட்டு மச்சினன் ஒரு வாரம் சிரித்தான். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். “மாமா கை பட்டா தலையில முடி வளரும், தொட்டியில செடி சாகும். அப்படி ஒரு கைராசி.” தூறலும் சேர்ந்துதான் சிரித்தார். வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

வேடிக்கை கசந்தது ஒரு பிற்பகலில். கல்லூரி முடித்த பிள்ளை ஒருவன், பத்து வயதிலிருந்து இவரிடமே தலையைக் கொடுத்தவன், உள்ளே வந்தான். திண்டிலிருந்த நான்கு காலித் தொட்டிகளையும் ஒரு கணம் பார்த்தான். வாசல் நாற்காலி காலி. அதைத் தாண்டிப் போய், “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு இன்டர்வியூ. இன்னிக்கு மட்டும் அந்த அண்ணன்கிட்ட வெட்டிக்கிறேன்,” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்துக்கொண்டே, “அதுக்கென்னப்பா” என்றார் இவரும். அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதுதான் இதில் கொடுமை. கிடைக்காமலிருந்தால் அவர் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அப்படி நினைத்ததற்காகவும் தன்னையே திட்டிக்கொண்டார், பாவம்.

அந்த வாரம்தான் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவளுக்கு இரண்டு மாதப் பெண் குழந்தை. “அப்பா, இப்பவே முடி கண்ணுல விழுது. ஒரு வயசு ஆகட்டும்னு இருக்கேன். முதல் வெட்டு நீங்கதான்.”

“பாக்கலாம்மா,” என்றார் தூறல். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பதிலா அது? மனைவிக்குத் திக்கென்றது. போனை வைத்ததும் என்ன விஷயம் என்று பிடித்துக்கொண்டாள். சுற்றி வளைத்து, கடைசியில் சொல்லிவிட்டார்.

“ஒரே ஒரு செடி அதுவரைக்கும் என் கையில நிக்கட்டும். நின்னா நான் வெட்டுறேன். இல்லன்னா உன் தம்பி வெட்டட்டும். அது முதல் முடி. என் பேத்தி தலையில நான் பரீட்சை பண்ண முடியாது.”

“உங்களுக்கு மூளை கீளை குழம்பிப்போச்சா?”

“யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா உன் தம்பிகிட்ட.”

இவருடன் வாதாடுவது வீண் என்று அவளுக்கு இருபத்தெட்டு வருட அனுபவம். மறுநாளே பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். யார் வீடு என்று சொல்லிக்கொள்ளவில்லை. எதைக் கொடுத்தாலும் கொன்றுவிடுகிற ஒருவருக்குத் தர ஒரு செடி வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மா எடுத்துக் கொடுத்தது ஒரு தொட்டி நிறைய கூழாங்கல். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது, அதில் மூன்று கல் கல்லில்லை. நடுவில் ஒரு கீறல் ஓடிய, பருத்த இரட்டை இலைகள்.

“கல்லுச்செடி. மாசத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணி. குளிர் ஆரம்பிச்சா அதுவும் வேண்டாம், தொடவே கூடாது. பழசு காஞ்சாதான் புதுசு வரும்,” என்றார் செடிக்கார அம்மா.

கடைசியில் சொன்ன வார்த்தை மனைவிக்குச் சுருக்கென்றது. கொடுக்கும்போதே காய்ந்துபோகும் என்கிறாள், அப்புறம் புதுச் சரக்கு வரும், வந்து வாங்கிக்கொள் என்கிறாள், என்ன வியாபார புத்தி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் முதல் இரண்டை மட்டும் சொன்னாள். மூன்றாவது அபசகுனம் என்று விழுங்கிவிட்டாள்.

பிறகு நடந்தது தெருவில் யாரும் எதிர்பாராதது. தூறல் நின்றுபோனது. பாட்டில் கையிலிருந்தால் கை சும்மா இருக்காது என்று, அதை மச்சினன் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார். தொட்டியைக் கையெட்டாத மேல்திண்டில் வைத்து, “யாரும் இதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. நான் உள்பட,” என்று உத்தரவு போட்டார். தலைகளை உலர்வெட்டாகவே வெட்டப் பழகினார். முதல் வாரம் இடது கை தவித்த தவிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு காலிப் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் காற்றைத் தலையைச் சுற்றிப் பீச்சிவிட்டு வெட்டினார். நாற்காலியில் இருந்தவர் காலரைத் தடவிப் பார்த்து, “என்ன தூறல், வறட்சியா?” என்றார்.

மாதம் ஒரு நாள், இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பூனில் தண்ணீர் எடுத்து, ஸ்டூலில் ஏறி, மூன்று கல்லுக்கும் பங்கு வைப்பார். அந்த ஐந்து நிமிடம் கடையில் யாரும் பேசக் கூடாது. மற்ற நாட்களில் ஏறிச் சும்மா பார்ப்பார். சாம்பல் நிறத்தில் இருந்த கற்களின் தலையில் பழுப்பு நிறக் கோடுகள் ஓடின. ஒன்றின் கோடு இன்னொன்றுக்கு இல்லை. தலைகளைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு அது ஒரு பெரிய சந்தோஷம். இது தாராள மனசு, இது பிடிவாதம், இது என் மச்சினன் என்று மூன்றுக்கும் குணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏழு மாதம் அவை அசையாமல், குறையாமல் நின்றன. அவர் நடையே மாறிப்போனது. மகளிடம் போனில் பேசும்போது குழந்தையின் சுழி எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கினார்.

குளிர் வந்தது. ஸ்பூனும் நின்றது. அடுத்த சில வாரங்களில் கற்களின் பளபளப்பு போயிற்று. அப்புறம் சுருக்கம் விழுந்தது. பல் போன கன்னம் மாதிரி உள்வாங்கிக்கொண்டு, மாதத்துக்கு மாதம் வற்றின. “ஒரு வாய் தண்ணி குடுங்கண்ணே, பாக்கவே பாவமா இருக்கு,” என்று முடி வெட்ட வந்தவர்கள் கெஞ்சினார்கள். இரண்டு முறை ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, அப்படியே இறங்கினார். தொடாதே என்றால் தொடக்கூடாது. மகளும் குழந்தையும் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது தொட்டியில் மிஞ்சியது மூன்று பழுப்புக் காகிதச் சுருணைகள்தான். மச்சினன் அதைப் பார்த்தான், ஒரு கிண்டலும் செய்யவில்லை. அவன் கிண்டல் செய்யாமல் விட்டதுதான் தூறலை அதிகம் வருத்தியது.

கடை விடுமுறை நாளில் குடும்பம் மொத்தமும் கடைக்குள் வந்து நின்றது. மகள், மருமகன், கண்ணை மறைக்கிற முடியோடு குழந்தை. மருமகன் எப்போதும் சுவரோரம் நிற்கிற அமைதியான மனிதர். மகள் குழந்தையோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தூறல் அவர்களுக்கு வெள்ளைத் துணியைப் போர்த்தினார். கழுத்தில் முடிச்சுப் போட்டார். கத்தரியைத் துடைத்தார். துடைத்ததை மச்சினனிடம் நீட்டினார்.

“மாப்ள, நீ வெட்டு. எனக்கு மணிக்கட்டு வலி.”

“எந்த மணிக்கட்டு?” என்று கேட்டாள் மகள்.

தூறல் யோசித்தார். யோசித்ததிலேயே பொய் வெளுத்துவிட்டது. மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையையும் கொட்டிவிட்டாள்: கைராசி, இன்டர்வியூ பையன், செடி நின்றால்தான் வெட்டுவேன் என்ற சபதம், எல்லாம்.

மச்சினன் கத்தரியைக் கீழே வைத்தான். அவன் முகம் அப்படிக் கறுத்து யாரும் பார்த்ததில்லை.

“மாமா, அந்த நாலு செடியும் உங்க கையால சாகல. சாயங்காலம் கடை பூட்டும்போது பாட்டில்ல மிச்சம் இருக்கும்ல, அத நான் தொட்டியிலதான் ஊத்திட்டுப் போவேன். தினமும். தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு.”

“நாலுலயுமா?”

“நாலுலயும். நாலாவது செத்தப்பதான் எனக்கே பொறி தட்டுச்சு. அதுக்குள்ள கைராசின்னு தெரு பூரா சிரிச்சாச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது? உங்க கையில கத்தி வேற இருக்கு.”

தூறல் வாயைத் திறப்பதற்குள் மனைவி தொண்டையைச் செருமினாள். “மத்தியானம் சாப்பாடு கொண்டுவர்றப்ப நானும் டம்ளர்ல மிஞ்சினத ஊத்துவேன். நீங்க மறந்துடுவீங்களோன்னு நினைச்சேன்.”

எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “மாமா, நான் ஒரே ஒரு தடவைதான்,” என்றார் மருமகன். “டீ.”

முதலில் சிரித்தது மகள். அவள் குலுங்கியதில் குழந்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தூறலுக்கு யாரை முதலில் திட்டுவது என்றே தெரியவில்லை. திட்ட வாயெடுத்தவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது.

“சரி, அதெல்லாம் போகட்டும். இத யார் கொன்னா?” என்று ஸ்டூலில் ஏறித் தொட்டியை இறக்கினார். “ஒருத்தர் கையும் படல. நான் ஒருத்தன்தான் பாத்தேன்.”

காட்டுவதற்காகக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்விட்டார். ஒரு வயதுப் பிள்ளைக்கு எதிரே காகிதம் மாதிரி ஒன்றை நீட்டினால் என்ன நடக்குமோ அது நடந்தது. துணிக்கடியிலிருந்து கை வந்தது. ஒரு சுருணையைப் பிடித்தது. பிய்த்தது. மகள் “ஐயோ” என்று அதன் விரலைப் பிரிக்கப் போனாள்.

பழுப்புத் தோல் குழந்தையின் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில், ஈரமே காணாத மண்ணில், இளம்பச்சையாக, வழுவழுவென்று, நடுவில் கீறலோடு ஒரு புதுக் கல் உட்கார்ந்திருந்தது. புதுத் தலையில் புதுக் கோடுகள்.  மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“பழசு காஞ்சாதான் புதுசு வரும்னு சொன்னா. அவ செடியத்தான் சொல்லியிருக்கா. நான் வியாபாரத்தச் சொல்றான்னு நினைச்சுட்டேன்.”

பழைய இலை தன்னிடமிருந்த தண்ணீரையெல்லாம் உள்ளே இருக்கிற குட்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான் காய்கிறது. நடுவில் வேறு யாரும் தண்ணீர் காட்டினால்தான் கெட்டுப்போகும். இதெல்லாம் பிற்பாடு செடிக்கார அம்மா விளக்கியது. அந்த நேரத்தில் யாருக்கு விளக்கம் வேண்டியிருந்தது? தூறல் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். கண்ணில் முடி விழுந்துவிட்டது என்றார். அதுவரை ஒரு முடிகூட வெட்டப்படவில்லை என்பதை மச்சினன் சுட்டிக்காட்டினான்.

தொட்டியை வைத்துவிட்டு, அவன் கீழே வைத்த கத்தரியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குழந்தையின் நெற்றி முடியை இரண்டு விரலுக்கிடையே எடுத்தார். முதல் வெட்டு விழுந்தது. குழந்தை அழாமல், கண்ணாடியில் தெரிகிற தாத்தாவைப் பார்த்தது, பிறகு பின்னால் நிற்கிற தாத்தாவைப் பார்த்தது. எது அசல் என்று தீர்மானிக்க அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முன்பக்கம், காதோரம், பின்கழுத்து என்று அவர் மெல்ல மெல்ல வந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு அன்று அரை மணி ஆயிற்று.

முடித்துத் துணியை அவிழ்க்கும்போது மகள் தணிந்த குரலில் கேட்டாள். “அப்பா, அது நிஜமாவே செத்துப்போயிருந்தா வெட்டியிருக்க மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப நான் இவளுக்கு ரெட்டைச் சடை போட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

“என்னம்மா சொல்ற?”

“வளரட்டும்னு விட்டிருப்பேன்பா. அஞ்சு வயசு, பத்து வயசு, இடுப்பு வரைக்கும் வளந்தாலும் சரி. நீங்க வெட்டுறேன்னு சொல்ற வரைக்கும் வேற ஒரு கை இவ தலையில பட்டிருக்காது.”

தூறல் பவுடர் பஞ்சை எடுத்துக் குழந்தையின் பின்கழுத்தில் ஒற்றினார். ஒற்றிய இடத்திலேயே இன்னும் இரண்டு முறை ஒற்றினார். பிறகு எல்லோருக்கும் செய்வது போலக் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, “பின்பக்கம் சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க,” என்று பேத்தியிடம் மரியாதையாகக் கேட்டார்.